தலையைத் தேடி வருகிறவன்

(புதிய தேசத்தின் பழங்கதைகள் - 9)

1776 நவம்பர் 1. நியூயார்க் மாநிலத்தில் ஒயிட் பிளெயின்ஸ் ஊரை ஒட்டிய குன்றுகளில் ஜார்ஜ் வாஷிங்டனின் படை பின்வாங்கி நின்றது. நான்கு நாள் முன்புதான் அங்கே பெரிய சண்டை நடந்திருந்தது. ஆங்கிலேயர்கள் மறுபடி பீரங்கிகளை முன்னே நகர்த்திச் சுடத் தொடங்கினார்கள். இந்தப் பக்கமிருந்தும் பதில் போனது. அப்படிப் போன குண்டுகளில் ஒன்று, எதிர்ப்பக்கம் பீரங்கி அருகே நின்ற ஹெஸ்ஸியன் வீரன் ஒருவனின் தலையைக் கொண்டுபோய்விட்டது.

அங்கே தளபதிகளில் ஒருவராக இருந்த வில்லியம் ஹீத், 1798-இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் இதை ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். செத்தவனுக்குப் பெயர் இல்லை. படை நகர்வும் குண்டுக் கணக்கும் நிறைந்த புத்தகத்தில் கண் மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடக்கூடிய வரி. என்னால் தாண்ட முடியவில்லை. ஊர் பேர் தெரியாத இடத்தில், யாருக்கோ நடந்த சண்டையில், தலையையும் தொலைத்துவிட்டுக் கிடந்தவனை யார் எடுத்துப் புதைத்திருப்பார்கள் என்றே மனம் போகிறது.

சென்ற இதழில் ரிப் வான் விங்கிளை இருபது வருடத் தூக்கத்திலிருந்து எழுப்பி, தன்னை மறந்துபோன சொந்த ஊருக்குள் நடக்கவிட்டோம். இந்த இதழிலும் அதே எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங், அதே ஹட்சன் ஆறு, அதே டச்சுக் குடியானவர்கள். இடம் மட்டும் மாறுகிறது. மலையிலிருந்து இறங்கி, நியூயார்க் நகரத்துக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில், ஆறு அகன்று ஏரிபோலக் கிடக்கிற டாரிடவுன் பக்கம் வந்திருக்கிறோம். அங்கே போக்காண்டிகோ என்ற சிற்றாறு ஹட்சனில் வந்து சேர்கிறது. அது வரும் பள்ளத்தாக்குக்குத்தான் ஸ்லீப்பி ஹாலோ என்று பெயர்; உறக்கப் பள்ளம் என்று சொல்லலாம். அமெரிக்கக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த பேய் அங்கே குடியிருக்கிறது. குதிரைமேல் வரும் தலையில்லா முண்டம்; பீரங்கிக் குண்டில் தலையை இழந்த ஹெஸ்ஸியன் ஒருவனின் ஆவி.

அந்தப் பேய் அங்கே எப்படி வந்தது என்று கேட்டால் அமெரிக்க விடுதலைப் போரிலிருந்துதான் தொடங்கவேண்டும். அமெரிக்கர்களை அடக்கப் போதிய ஆள் இல்லாத இங்கிலாந்து, ஜெர்மன் சிற்றரசர்களிடமிருந்து படைகளை வாடகைக்கு எடுத்தது. மொத்தம் சுமார் 30,000 பேர். அவர்களில் பாதிக்குமேல் ஹெஸ்ஸே-காசல் நாட்டவர் என்பதால் எல்லோருக்குமே 'ஹெஸ்ஸியன்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கூலிப்படை என்று வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார்கள். வாடகைப் பணம் போனது அரசனின் பெட்டிக்கு. வந்தவர்களில் பலர் ஆள்பிடிப்பில் சிக்கிய ஏழைக் குடியானவர்கள். சண்டை முடிந்து ஊர் திரும்பியவர்கள் ஏறக்குறைய 17,000 பேர்தான். ஆயிரக்கணக்கானோர் குண்டிலும் காய்ச்சலிலும் செத்தார்கள். சில ஆயிரம் பேர் அங்கேயே நிலம் பிடித்துத் தங்கிவிட்டார்கள்.

டாரிடவுன் பகுதிக்குப் போர் வேறு ஒரு விதத்தில் நரகமாக இருந்தது. தெற்கே நியூயார்க் நகரம் ஆங்கிலேயர் கையில். வடக்கே மலைப்பகுதி அமெரிக்கர் கையில். நடுவில் கிடந்த வெஸ்ட்செஸ்டர் சீமை யாருக்கும் சொந்தமில்லாத நிலமானது. 'கௌபாய்', 'ஸ்கின்னர்' என்று இரண்டு பக்கத்துக் கொள்ளைக் கூட்டங்களும் மாடுகளை ஓட்டிக்கொண்டு போயின, வீடுகளுக்குத் தீவைத்தன. 1780 செப்டம்பர் 23 அன்று, ஆங்கிலேய அதிகாரி ஜான் ஆண்ட்ரே மாறுவேடத்தில் இதே சாலையில் வந்தபோது உள்ளூர் ஆட்கள் மூன்று பேர் மறித்தார்கள். காலணிக்குள், காலுறைக்கு அடியில், வெஸ்ட் பாயின்ட் கோட்டையைக் காட்டிக்கொடுக்கும் காகிதங்கள் இருந்தன. பத்தே நாளில், அக்டோபர் 2 அன்று, ஆற்றுக்கு அக்கரையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். பிடித்த இடத்துக்கு அருகே நின்ற மரத்துக்கு ஊரார் ஆண்ட்ரே மரம் என்று பெயர் வைத்தார்கள். இருட்டிய பிறகு அதன் அடியில் போகிறவர்கள் பயத்தில் சீழ்க்கை அடித்துக்கொண்டே போவார்களாம்.

இத்தனையும் நடந்து பதினெட்டு வருடம் கழித்து, 1798-இல், நியூயார்க் நகரத்தில் மஞ்சள் காய்ச்சல் கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொன்றது. வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பினார்கள். இர்விங் வீட்டுக் கடைக்குட்டிக்கு அப்போது 15 வயது. அண்ணன் மனைவி வழி உறவான பால்டிங் குடும்பம் டாரிடவுனில் இருந்தது. பையன் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டில் அணில் சுடப் போனான். டச்சுப் பாட்டிகளின் அடுப்படியில் உட்கார்ந்து கதை கேட்டான். தீவைப்பையும் தூக்கையும் கண்ணால் பார்த்தவர்கள் அப்போது நடுவயதுகூடத் தாண்டியிருக்கவில்லை. 'இந்த மேட்டில்தான், இந்த மரத்தடியில்தான்' என்று கைகாட்டிச் சொல்லும் தூரத்தில் இருந்தது போர். ஹீத்தின் புத்தகம் வெளிவந்ததும் அதே 1798-தான்.

கதை மட்டும் அந்த ஊரில் எழுதப்படவில்லை. அமெரிக்காவிலேயே எழுதப்படவில்லை.

1815-இல் இர்விங் இங்கிலாந்துக்குப் போனார். லிவர்பூலில் அண்ணன்மார் நடத்திய வியாபாரம் படுத்துக்கொண்டிருந்தது. தாங்கிப்பிடிக்கப் போனவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 1817-இல் தாயார் நியூயார்க்கில் இறந்த செய்தி கடல் தாண்டி வந்தது. 1818-இல் கம்பெனி திவாலானது. முப்பத்தைந்து வயது, கல்யாணம் இல்லை, கையில் தொழில் இல்லை. மணம் பேசியிருந்த மெட்டில்டா ஹாஃப்மன் 1809-இலேயே பதினேழு வயதில் காசநோயில் போய்விட்டாள். அவமானத்தோடு வழக்குமன்றத்துக்கு அலைந்த அந்த மாதங்களில் இர்விங் செய்த காரியம், உட்கார்ந்து ஜெர்மன் மொழி படித்தது.

அதற்குத் தூண்டுகோல் எழுத்தாளர் வால்டர் ஸ்காட். 1817 கோடையின் முடிவில் இர்விங் ஸ்காட்லாந்தில் அவர் வீட்டுக்குப் போய்ச் சில நாள் தங்கினார். ஒவ்வொரு குன்றையும் ஓடையையும் காட்டி இங்கே இந்த வீரன், அங்கே அந்தப் பேய் என்று ஸ்காட் சொல்லிக்கொண்டே நடந்தார். ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைப் படி என்றும் சொன்னார். இரவெல்லாம் சாபத்தால் குதிரையோட்டும் வேட்டைக்காரனைப் பற்றிய ஜெர்மன் கவிஞர் பியூர்கரின் கதைப்பாடலை ஸ்காட்டே முன்பு ஆங்கிலமாக்கியிருந்தார். ஹீத்தின் வரியில் செத்தவன் பீரங்கிக்காரன். அவனுக்குக் குதிரை கிடையாது. இர்விங்கின் முண்டம் ஏறிவரும் குதிரைக்குக் கொட்டடி ஐரோப்பாவில்தான் இருந்தது.

இன்னும் துல்லியமான தடயம் ஒன்று உண்டு. முசேயஸ் என்ற ஜெர்மன் எழுத்தாளர் 1780-களில் தொகுத்து எழுதிய நாட்டுக்கதைகளில், ரூபெட்சால் என்ற மலைப்பூதத்தைப் பற்றிய கதைவரிசை வருகிறது. அதில் ஒரு கதை. இரவில் மலைப்பாதையில் ஒரு சீமாட்டியின் வண்டி போகிறது. எதிரே கறுப்பு அங்கி போட்ட உருவம். கழுத்துக்குமேல் எதுவும் இல்லை. தலையைக் கக்கத்தில் இடுக்கியிருக்கிறது. திடீரென்று அந்தத் தலையை எடுத்து வண்டிக்காரன் நெற்றியைப் பார்த்து வீசுகிறது. அவன் சுருண்டு விழுகிறான். பிறகு பார்த்தால், அது குடைந்தெடுத்து மண்ணும் கல்லும் அடைத்த காய். பேய் வேஷம் போட்டவன் வழிப்பறிக்காரன். ஸ்லீப்பி ஹாலோ கதையின் கடைசிப் பரங்கிக்காய் எந்தக் கொடியில் காய்த்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எலும்புக்கூடு ஜெர்மனியிலிருந்து வந்தாலும் அதில் ரத்தம் ஓடவைத்தது ஒரு சாப்பாட்டு மேசைப் பேச்சு. இர்விங்கின் அக்கா சாரா இங்கிலாந்திலேயே பர்மிங்ஹாமில் வாழ்க்கைப்பட்டிருந்தார். அத்தான் ஹென்றி வான் வார்ட் டாரிடவுன் மண்ணில் பிறந்தவர். கடனும் துக்கமுமாக வந்து கிடந்த மைத்துனரோடு அவர் பழைய ஊர்க்கதை பேச ஆரம்பித்தார். டச்சு வாலிபன் ஒருவன், எதற்கும் அஞ்சாத முரடன், நடுராத்திரி கூத்தடித்துவிட்டுத் திரும்பும்போது பிசாசோடு குதிரைப் பந்தயம் விட்டேன் என்று பெருமையடித்த கதையும் அந்தப் பேச்சில் வந்தது. அந்தப் பொறியிலிருந்துதான் கதை எழுந்தது என்று இர்விங் குடும்பத்தார் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார்கள். ஊரை விட்டு வந்த இரண்டு பேர் அந்நிய ஊரில் உட்கார்ந்து ஊரைப் பேசிச் சிரித்த ராத்திரிகளை நினைத்துப் பாருங்கள். ரிப்பும் இந்தக் கதையும் இடம்பெற்ற 'ஸ்கெட்ச் புக்' முழுவதிலும் அடிக்கிற வாசனை அந்த ராத்திரிகளுடையது.

'ஸ்கெட்ச் புக்' நியூயார்க்கில் தொடராகவே வெளிவந்தது. 1819 ஜூன் முதல் 1820 செப்டம்பர் வரை ஏழு பகுதிகள். முதல் பகுதியில் ரிப். தலையில்லாக் குதிரைக்காரன் 1820 மார்ச்சில் வந்த ஆறாம் பகுதியில்.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கம். 1790-ஆம் வருடம். இக்கபாட் கிரேன் கனெக்டிகட்டிலிருந்து பிழைக்க வந்த வாத்தியார். நெட்டையான ஒல்லி உடம்பு; சட்டைக் கைக்கு வெளியே கை ஒரு மைல் நீளத்துக்குத் தொங்கும். பள்ளிக்கூடம் மரக்கட்டைகளை அடுக்கிய ஒற்றை அறை. உடைந்த கண்ணாடிக்குப் பதில் பழைய நோட்டுத் தாள்களை ஒட்டியிருப்பார். சாயங்காலம் கதவை வளாரால் முறுக்கிக் கட்டி, ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுப் போவார். திருடன் சுலபமாக உள்ளே போகலாம், வெளியே வருவதுதான் பாடு. விலாங்கு பிடிக்கும் கூடைபோல. சம்பளம் சொற்பம் என்பதால் மாணவர்கள் வீட்டில் வாரம் ஒரு வீடாகத் தங்கிச் சாப்பிடுவார். பொடிப்பிள்ளைகளைத் தொட்டிலாட்டுவார், பெண்களுக்குச் சங்கீதப் பாட்டுச் சொல்லித்தருவார், ராத்திரியில் கிழவிகளோடு அடுப்பங்கரையில் பேய்க்கதை பேசுவார். மாந்திரீகப் புத்தகத்தை நம்பிப் படிக்கிற ஆள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது அவரைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருக்கும்.

பணக்கார விவசாயி வான் டாசலின் ஒரே மகள் கத்ரீனா மேல் அவருக்கு ஆசை. அதே பெண்மேல் கண் வைத்திருப்பவன் உள்ளூர் முரடன் பிராம் போன்ஸ். வான் டாசல் வீட்டு விருந்து முடிந்து, தனியே கத்ரீனாவிடம் பேசிவிட்டு, முகம் செத்துப்போய் வெளியே வருகிறார் வாத்தியார். இரவல் வாங்கிய கிழட்டுக் குதிரை. ஆண்ட்ரே மரத்தைத் தாண்டுகிறார். ஓடைக்கரையில் கறுப்பாக ஒரு பெரிய உருவம் அசையாமல் நிற்கிறது. யாரென்று கேட்டால் பதில் இல்லை. கூடவே வருகிறது, இவர் வேகம் கூட்டினால் அதுவும் கூட்டுகிறது. மேட்டில் ஏறும்போது வானத்து வெளிச்சத்தில் தெரிகிறது: தலை, சேணத்தின் முன்னால் இருக்கிறது.

தேவாலயத்துப் பக்கம் பாலம் ஒன்று உண்டு. அதைத் தாண்டிவிட்டால் பேய் மறைந்துவிடும் என்பது இக்கபாட்டின் நம்பிக்கை. பாலத்தின் பலகைகள் தடதடக்கத் தாண்டியும் விடுகிறார். திரும்பிப் பார்க்கிறார். உருவம் அங்கவடியில் எழுந்து நின்று தலையை அவரை நோக்கி வீசுகிறது. மறுநாள் குதிரை மட்டும் வீட்டு வாசலில் மேய்கிறது. பாலத்தருகே வாத்தியாரின் தொப்பி. பக்கத்தில் சிதறிய பரங்கிக்காய்.

பாலத்தைத் தாண்டினால் தப்பலாம் என்று இக்கபாட்டுக்கு யார் சொன்னது? அன்று விருந்தில் கதை அளந்தவர்களில் பிராம் போன்ஸும் ஒருவன். குதிரைக்காரனோடு பந்தயம் விட்டதாகவும், பாலத்துக்கு வந்ததும் அவன் நெருப்பாய் மறைந்துவிட்டதாகவும் சொன்னவன் அவன்தான். வலையைப் பின்னியவனே தப்பும் வழியையும் காட்டியிருக்கிறான். திரும்பத் திரும்பப் படித்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. கத்ரீனாவைக் கட்டிக்கொண்ட பிராம், பரங்கிக்காய்ப் பேச்சு வந்தாலே விழுந்து விழுந்து சிரிப்பானாம். ஊர்க் கிழவிகள் மட்டும் வாத்தியாரைப் பேய்தான் கொண்டுபோனது என்று சாதித்தார்கள். சில வருடம் கழித்து நியூயார்க் போய்வந்த ஒரு விவசாயி, இக்கபாட் உயிரோடு இருக்கிறார், வக்கீலாகி, அரசியலில் இறங்கி, சின்ன வழக்குகளைத் தீர்க்கும் நீதிபதியும் ஆகிவிட்டார் என்று சேதி கொண்டுவந்தார். கிழவிகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இர்விங் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

இந்த முடிவைத்தான் எல்லோரும் புகழ்வார்கள், நியாயம்தான். ஆனால் இருநூறு வருடமாகக் கதையைத் தாங்குகிற தூண் வேறிடத்தில் இருக்கிறது. கதையின் நடுவே, பேய்களைப் பற்றி இர்விங் ஒரு கருத்தைப் போகிறபோக்கில் சொல்கிறார். அமெரிக்க ஊர்களில் பேய்களுக்குப் பிழைப்பில்லை. செத்தவர் முதல் தூக்கம் தூங்கி எழுந்து புரண்டு படுப்பதற்குள் அவருக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஊரைக் காலி செய்துவிடுகிறார்கள். ராத்திரி உலாவ வந்தால் போய்ப் பார்க்க ஒரு முகம் இல்லை. தலைமுறை தலைமுறையாக நகராமல் உட்கார்ந்திருக்கும் டச்சு ஊர்களில்தான் பேய்கள் மிஞ்சியிருக்கின்றன.

இதைப் படித்துவிட்டு இக்கபாட்டின் பகற்கனவைப் படிக்கவேண்டும். வான் டாசலின் வயல், களஞ்சியம், கொழுத்த பன்றி எல்லாவற்றையும் பார்த்து நாக்கில் எச்சில் ஊறுகிறவர், உடனே என்ன நினைக்கிறார்? அத்தனையும் விற்றுக் காசாக்கி, மேற்கே காட்டு நிலம் வாங்கிப்போட்டு, கத்ரீனாவையும் பிள்ளைகுட்டிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கென்டகிக்கோ டென்னஸிக்கோ கிளம்பிவிடலாம் என்று நினைக்கிறார். பொல்லாத ஆசை ஒன்றுமில்லை. அந்தக் காலத்து அமெரிக்கா முழுக்கக் கண்ட கனவு அது. மேற்கு நிலத்தை வைத்துச் சூதாடிய அந்த நாடு 1819-இல் பெரும் நிதி நெருக்கடியில் விழுந்தது. கதை அச்சேறிய வேளையில் வங்கிகளும் கடைகளும் கவிழ்ந்துகொண்டிருந்தன. திவாலான குடும்பத்துப் பிள்ளை எழுதிய கதையில், ஊரை விற்க நினைத்தவனை ஊர்ப்பேய் துரத்தி அடிக்கிறது. நகராதவர்கள் பக்கம் நிற்கிற பேய் அது. இதில் நெஞ்சைத் தொடுவது, அந்தக் காவல்காரப் பேயே அந்நியன் என்பதுதான். தன் ஊருக்குத் திரும்ப முடியாமல்போன ஹெஸ்ஸியன், செத்த பிறகு இந்த ஊர்க்காரனாகிவிட்டான்.

இடம் கிடைக்காத ஆவிகளும் அங்கே உண்டு. அந்தப் பள்ளத்தாக்கின் பழைய டச்சுத் தேவாலயத்தைப் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியவர், பெருநிலக்கிழார் ஃபிரடெரிக் ஃபிலிப்ஸ். ஆற்றோரம் அவர் குடும்பத்தின் மாவு ஆலையை ஓட்டியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். 1750-இல் எடுத்த சொத்துப் பட்டியலில், ஆடுமாடுகளோடும் பாத்திரங்களோடும் சேர்த்து, 23 மனிதர்களின் பெயர்கள் இருக்கின்றன. இர்விங்கின் கதையில் கறுப்பின மக்கள் விருந்துக்கு அழைக்கவரும் ஆளாகவும் பிடில் வாசிக்கும் கிழவராகவும் வந்துபோகிறார்கள், அவ்வளவுதான். கதையை எவ்வளவு நேசித்தாலும் இந்தக் குறையை நான் மறைக்கமாட்டேன்.

பெயர்களின் பூர்வீகம் தேடுவது அமெரிக்கர்களுக்கு இன்றும் பிடித்த விளையாட்டு. இக்கபாட் கிரேன் என்ற பெயரில் நிஜமாகவே ஒரு ராணுவ அதிகாரி இருந்தார். குணத்துக்கு முன்மாதிரி, கிண்டர்ஹுக் ஊர் வாத்தியார் ஜெஸ்ஸி மெர்வின். 1809-இல் மெட்டில்டாவை இழந்து அங்கே போய்த் தங்கியிருந்த இர்விங்குக்கு நண்பரானவர். பின்னாளிலும் இருவருக்கும் கடிதத் தொடர்பு இருந்தது.

கதை பிறகு பல கைகளில் மாறியது. ஜான் குவிடோர் 1858-இல் வரைந்த துரத்தல் ஓவியம் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் கலைக்கூடத்தில் இருக்கிறது. 1949-இல் டிஸ்னி கார்ட்டூன் படமாக்கியது. எரியும் கண்ணும் பல்லுமாகச் செதுக்கிய பரங்கிக்காயைக் கையில் தூக்கிவரும் குதிரைக்காரன் அதிலிருந்துதான் குழந்தைகள் மனத்தில் நிலைத்தான். இர்விங் எழுதியது வெறும் பரங்கிக்காய். ஹாலோவீன் என்ற சொல்லே அவர் கதையில் கிடையாது. அந்தப் பண்டிகையை அமெரிக்காவில் பரப்பியவர்கள் பின்னால் வந்த ஐரிஷ் குடியேறிகள். 1999-இல் டிம் பர்ட்டன் எடுத்த படத்தில் இக்கபாட் போலீஸ்காரர், தலைகள் நிஜமாகவே உருளுகின்றன. அதைப் பெரும்பாலும் இங்கிலாந்தில் செட் போட்டு எடுத்தார்கள். பர்மிங்ஹாமில் முளைத்த கதைக்கு அது தாய்வீடுதான்.

பதினேழு வருடம் ஐரோப்பாவில் சுற்றிய இர்விங் 1832-இல் ஊர் திரும்பினார். 1835-இல் டாரிடவுன் ஆற்றங்கரையில் ஒரு பழைய டச்சுக் குடியானவர் வீட்டை வாங்கினார். அது ஒரு காலத்தில் வான் டாசல் குடும்பத்தினர் இருந்த வீடு. கதைக்குள் இக்கபாட் அடைய முடியாத வீட்டில், கதையை எழுதியவர் குடிபோனார். பக்கத்தில் புதிதாக மயானம் அமைத்தபோது, அதற்கு ஸ்லீப்பி ஹாலோ என்றே பெயர் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். 1859 நவம்பரில் அவர் இறந்த பிறகுதான் அந்தப் பெயர் வந்தது.

டாரிடவுனை ஒட்டிய ஊருக்கு வெகுகாலம் நார்த் டாரிடவுன் என்றே பெயர். ஜெனரல் மோட்டார்ஸ் கார் தொழிற்சாலையை நம்பிய ஊர். 1996-இல் ஆலை மூடப்பட்டது. வேலை தேடிக் குடும்பங்கள் கிளம்பவேண்டிய நேரம். அதே வருடம் டிசம்பரில் ஊர்மக்கள் ஓட்டுப் போட்டுத் தங்கள் ஊரின் பெயரை ஸ்லீப்பி ஹாலோ என்று மாற்றிக்கொண்டார்கள். இன்று போலீஸ் வண்டியில், தீயணைப்பு வண்டியில், பள்ளிக்கூட விளையாட்டுச் சட்டையில் அந்தத் தலையில்லாதவன் குதிரையேறி வருகிறான்.

மயானச் சரிவில் எளிய கல் ஒன்றின் கீழ் இர்விங் படுத்திருக்கிறார். கீழே பழைய தேவாலயம். ஹெஸ்ஸியனைப் புதைத்ததாகச் சொல்லும் முற்றம். அதற்கும் கீழே போக்காண்டிகோ. அவர் எழுதிய மரப்பாலம் எப்போதோ போய்விட்டது. ஓடை மட்டும் அதே வழியில் ஹட்சனுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

(தொடரும்)